எதுக்கும் இன்னொருத்தரைக் கேட்டுவிடுகிறவர்

மோட்டார் சைக்கிளில் ஏறுவதற்கு முன்னால் பின் சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிற ஆண்களைப் பல வருஷங்களாகக் கவனித்து வருகிறேன். என் தையல் மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே தெரு. தெருவுக்கு அந்தப் பக்கம் பஞ்சர் கடை. வேறு எங்கே பார்ப்பது? அந்த ஒரு தட்டில் அவர்களுக்கு என்ன தெரிகிறது என்றுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தட்டுகிறார்கள், 'ம்' என்கிறார்கள், ஏறிப் போய்விடுகிறார்கள். காற்று இருந்தாலும் அதே 'ம்'. இல்லாவிட்டாலும் அதே 'ம்'தான், கொஞ்சம் நீளமாக.

இவர்கள் சாதாரண மனிதர்கள். இவர்களைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. தட்டிவிட்டு, ஏறாமல், திரும்பித் தெருவைப் பார்த்தபடி நிற்கிறாரே ஒருவர், அவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறார் அவர். வருகிறவர் பால்காரராக இருக்கலாம், தபால்காரராக இருக்கலாம், முகவரி தெரியாமல் தெரு மாறி வந்தவராகக்கூட இருக்கலாம். "ஒரு நிமிஷம். இந்த டயர்ல கொஞ்சம் காத்து கம்மியா இருக்கிற மாதிரி உங்களுக்குத் தோணுதா?" என்று நிறுத்திக் கேட்கிறார். வந்தவர் "தோணுது" என்றால் அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கிறார். "தோணலையே" என்றாலும் அடுத்த ஆளுக்காகத்தான் காத்திருக்கிறார்.

இந்த இனத்துக்குப் படித்தவர்கள் நல்ல பெயராக ஏதாவது வைத்திருப்பார்கள். எங்கள் தெருவில் வைத்திருக்கிற பெயர் 'எதுக்கும்'. "எதுக்கும் இன்னொருத்தரைக் கேட்டுடலாமே" என்பதை மூச்சுக்கு ஒரு தரம் சொல்வதால் வந்த பெயர். தெருவுக்கு ஒருவராவது தேறுவார். எங்களுக்கு அந்தச் சிரமமில்லை. வீட்டிலேயே இருக்கிறார். என் அக்காவின் வீட்டுக்காரர்தான். முகத்துக்கு நேரே அவர் 'எதுக்கும் சார்'. முதுகுக்குப் பின்னால் வெறும் 'எதுக்கும்'. அவர்கள் வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டிருக்கிற எனக்கு அவர் எப்போதும் அத்தான்.

இந்த இனத்தை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வீட்டில் பல்பு போய்விட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கடைக்குப் போய் வேறு பல்பு வாங்கி வருவீர்கள். இவர் போன பல்பைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, மாடி வீட்டில் காட்டி, அலுவலகத்தில் காட்டி, வழியில் பார்த்த பழைய நண்பரிடம் காட்டி, அவரோடு சேர்ந்து அதைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்து, மஞ்சள் வெளிச்சம் கண்ணுக்கு நல்லதா வெள்ளை வெளிச்சம் நல்லதா என்ற விவாதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தொடர்வார். முடிவெட்டும் கடையில், முன்னால் இன்னும் கொஞ்சம் குறைக்கலாமா என்ற கேள்வியை முடிவெட்டுகிறவரிடம் கேட்க மாட்டார். பக்கத்து நாற்காலியில் முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு கண்ணை மூடிக்கொண்டிருப்பவரிடம் கேட்பார். மருத்துவரிடம் போனால், அவர் சொன்னதை வெளியே மருந்து கொடுக்கிற பெண்ணிடம் சரிபார்த்துவிட்டு, வரிசையில் இருமிக்கொண்டிருப்பவரின் மாத்திரையையும் வாங்கிப் பார்ப்பார். அது தன்னுடையதைவிடப் பெரிதாக இருந்துவிட்டால் போச்சு. அன்று முழுக்க வாட்டம்தான்.

இவர்கள் பதில் தேடி அலைகிறார்கள் என்று நினைத்து உதவி செய்யப் போனீர்களோ, மாட்டிக்கொண்டீர்கள். பதில் கிடைத்துவிட்டால் இவர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. நாலு பேர் சேர்ந்து 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால், 'இல்லை' என்று சொல்ல நாலு பேரை எங்கிருந்தாவது தேடிப் பிடித்து, தராசு முள்ளை நடுவில் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

ஆனால் ஒன்று. அத்தான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். கண் பரிசோதிக்கிறவர். "முன்னாடி போட்டது தெளிவா இருக்கா, இப்போ போட்டது தெளிவா இருக்கா? எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துடுங்க." காலையிலிருந்து சாயங்காலம்வரை இதேதான். சம்பளம் வேறு தருகிறார்கள். அவர் பார்த்துக் கொடுத்த கண்ணாடி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று முதலாளி பெருமையாகச் சொல்வார். போட்டுக்கொண்டு போன ஆட்களும் அவ்வளவு லேசில் திரும்பி வருவதில்லை என்பாள் அக்கா.

சென்ற மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அத்தான் வேலை முடிந்து வந்து வண்டியை நிறுத்தினார். பின் டயரில் ஒரு திருகாணி ஏறியிருந்தது. அது உள்ளே டியூப் இல்லாத டயர். இந்த வகையில் ஒரு சௌகரியம் உண்டு. குத்திய ஆணி குத்தியபடியே இருந்தால் ஓட்டையை அதுவே அடைத்துக்கொண்டிருக்கும், காற்று உடனே போய்விடாது. அப்படியே ஓட்டிக்கொண்டு போய்க் கடையில் விட்டுவிடலாம். கடை எங்கே இருக்கிறது என்று முன்னமே சொல்லிவிட்டேன். தெருவைக் கடந்தால் போதும்.

அத்தான் என்ன செய்தார்? உள்ளே வந்து குறடை எடுத்துக்கொண்டு போய்த் திருகாணியைப் பிடுங்கினார்.

டயர் விட்ட சீறல், மெஷின் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. அக்கா ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள்.

"அதை ஏங்க பிடுங்கினீங்க?"

"எவ்வளவு நீளம்னு பார்க்க வேண்டாமா? நீளம் தெரியாம ஒட்டுறதா மாத்துறதான்னு எப்படி முடிவு பண்றது?"

"பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு."

"நீளமா?"

அத்தான் திருகாணியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "நீளம்னும் சொல்ல முடியாது. குட்டைன்னும் சொல்லிட முடியாது," என்றார். அப்போது அவர் முகத்தில் வந்த களையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்துவிட்ட பிள்ளையின் முகம் அப்படித்தான் இருக்கும்.

டயர் மெல்லத் தரையில் உட்கார்ந்தது. அக்காவும் படியில் உட்கார்ந்தாள்.

அவள் உட்கார்ந்ததற்குக் காரணம் இருந்தது. அக்கா ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள். நாள் முழுக்க நின்றபடி வேலை. மடித்து மடித்துப் பழகி, வீட்டுக்கு வருகிற செய்தித்தாளைக்கூட அதே மடிப்பில் மடித்துத்தான் வைப்பாள். குதிகால் இரண்டும் எப்போதோ போய்விட்டன. சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருவாள். இப்போது அங்கே மேற்பார்வையாளராக இருந்த அம்மாள் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேர்காணல், ஊரின் மறுகோடியில் இருக்கிற தலைமை அலுவலகத்தில். சொன்ன நேரத்துக்கு வராதவர்களைப் பார்ப்பதில்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். கிடைத்தால் நாற்காலி. கிடைக்காவிட்டால் அதே மேசை. போட்டிக்கு வந்திருக்கிற மற்ற எல்லோரும் அக்காவைவிடச் சின்னவர்கள். அவர்களில் ஒருத்தி உட்கார்ந்துவிட்டால், அக்கா வேலையை விடுகிறவரை அந்த நாற்காலி காலியாகாது.

"நீ பஸ் பஸ்ஸா மாறி ஏறி, கசங்கிப் போய் அவங்க முன்னாடி நிக்க வேண்டாம். நானே கொண்டு போய் விடறேன்," என்று வாக்குக் கொடுத்திருந்தார் அத்தான். நல்ல மனிதர். அதில் சந்தேகமே வேண்டாம். இந்த இனத்தில் கெட்டவர்களே கிடையாது. கெட்டது செய்யவும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டுமே.

அன்றைக்கே அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போகாமல் இல்லை. போனார். பஞ்சர் கடைக்காரர் ஓட்டையைப் பார்த்தார்.

"ஒட்டிடலாம் சார். அஞ்சு நிமிஷ வேலை."

"தாங்குமா?"

"தாங்கும் சார்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவ்வளவுதான். இத்தனை நிச்சயமாக ஒருவர் பேசினால் இந்த இனத்துக்குச் சந்தேகம் வந்துவிடும். "சக்கரத்தைக் கழட்டிக் கொடுங்க," என்றார் அத்தான்.

"இதை ஒட்டக் கழட்டவே வேண்டாமே சார்."

"ஒட்டறதுக்கு இல்ல. நாலு பேருகிட்ட காட்டணும்."

பஞ்சர் கடைக்காரர் தெருவுக்குப் புதியவர் அல்ல. கழற்றிக் கொடுத்தார். அத்தான் சக்கரத்தைக் கையால் தட்டித் தட்டி உருட்டிக்கொண்டு கடைத்தெருவில் இருக்கிற டயர் கடைக்குப் போனார். அங்கே முதலாளி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "மாத்திடுங்க சார். குடும்பத்தோட போற வண்டி," என்றார் தூரத்திலிருந்தே. அத்தான் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"ஒட்டறதுதான் அவர் தொழில், அவர் ஒட்டச் சொல்றார். டயர் விக்கிறதுதான் இவர் தொழில், இவர் மாத்தச் சொல்றார். ரெண்டு தொழிலும் இல்லாதவங்க யாரையாவது கேட்கணும்," என்றார்.

உலகத்தில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் சக்கரம் எங்கள் முன்னறைக்கு நடுவில் பழைய செய்தித்தாள் மேல் வீற்றிருந்தது. தைக்கக் கொடுத்ததை வாங்க வந்தவர்கள், கொடுக்க வந்தவர்கள், சும்மா எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டியிருந்தது. நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. பேசாமல் ஒரு மூலையில் தைத்துக்கொண்டிருப்பதில் ஒரு வசதி, யாரும் நம்மை வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்துவதில்லை.

முதலில் மாடி வீட்டு ரிட்டயர்ட் சர்வேயர் இறங்கி வந்தார். கையில் அளவு நாடா. ஓட்டையிலிருந்து அந்த ஓரம் எவ்வளவு, இந்த ஓரம் எவ்வளவு என்று அளந்தார். என் சிவப்புத் தையல் சாக்பீஸை வாங்கி டயரில் கோடு கிழித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நடுவுல குத்தியிருந்தா ஒட்டலாம். ஓரத்துல குத்தியிருந்தா ஒட்டவே கூடாது. பொதுவா அதுதான் சட்டம்."

"இது எங்க இருக்கு சார்?"

"இது நடுவுக்கும் ஓரத்துக்கும் நடுவுல இருக்கு."

நல்ல பாட்டு ஒன்றைக் கேட்டு முடித்தவர்கள்போல இருவரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

அடுத்து வந்தது பக்கத்து வீட்டம்மா. வாசற்படியிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அக்காவைப் பார்த்து, "ஒரு டயருக்கே இந்தப் பாடா? இந்த மனுஷன் எப்படிடீ உன்னைக் கட்டிக்க முடிவு பண்ணினார்?" என்று கேட்டாள்.

"நான் முடிவு பண்ணிட்டேங்க. இவர் இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கார்," என்றாள் அக்கா.

அத்தானும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்த கையோடு, "சரி, நீங்க சொல்லுங்க. ஒட்டலாமா, மாத்தலாமா?" என்று அந்தம்மாவையே கேட்டார். சைக்கிள்கூட ஓட்டியறியாத அந்தம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஓட்டையைச் சுற்றி விரலால் தடவி, "எனக்கென்னமோ ஒட்டினா பிரிஞ்சிடும்னு படுது," என்றாள் கவலையோடு. பாருங்கள், நோய் எப்படிப் பரவுகிறது.

சக்கரத்தைப் படம் எடுத்து, வெளிநாட்டில் இருக்கிற தம்பிக்கு அனுப்பினார் அத்தான். உடனே தம்பி கூப்பிட்டார். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டதால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"படம் வந்துச்சுண்ணே. சோபா புதுசா?"

"சோபாவ விடு. டயரைப் பாரு."

"பார்த்தேன். ஒட்டாதீங்க. இங்கெல்லாம் ஒட்டவே மாட்டாங்க."

"அங்க என்ன பண்ணுவாங்க? டயரை மாத்துவாங்களா?"

"டயரை எதுக்கு மாத்தறாங்க? வண்டியையே மாத்திடுவாங்க."

இதுவரை இரண்டாக இருந்த கேள்வி இப்போது மூன்றாகப் பெருகிவிட்டது. அத்தான் ஃபோனை வைத்துவிட்டு, ஆற்றில் குளித்து எழுந்தவர்போல ஒரு பெருமூச்சு விட்டார். சர்வேயரோ, வண்டி என்ற ஒன்று மனிதனுக்கு அவசியமா என்று நாலாவதாக ஒன்றை ஆரம்பித்தார்.

அன்று அவர் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையிலும் நிம்மதியில்லை. அத்தான் திருகாணியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கண் பார்க்க வந்த அடுத்த தெருப் பெரியவர் ஒருவரை எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படிக்கவைத்துவிட்டு, பையிலிருந்து திருகாணியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "இது எப்படித் தெரியுது உங்களுக்கு? நீளமாவா, குட்டையாவா?" என்று கேட்டிருக்கிறார். பரிசோதனையில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்ட பெரியவர், தோற்றுவிடக் கூடாதே என்ற பயத்தில், "ரெண்டு மாதிரியும் தெரியுதுப்பா," என்றாராம். அத்தான் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

புதன்கிழமையும் போயிற்று. எதிர்க்கடைக்காரர் பாவம். அத்தான் வாசலில் தலையைக் காட்டும்போதெல்லாம் அவர் ஊசியையும் ஓட்டையை அடைக்கிற ரப்பர் திரியையும் கையில் எடுப்பார். அத்தான் தெருவில் போகிற யாரையோ நிறுத்தியதும் கீழே வைத்துவிடுவார். எடுப்பார், வைப்பார். உடற்பயிற்சி மாதிரி ஆகிவிட்டது அவருக்கு.

சாயங்காலம் அக்கா மெல்ல ஆரம்பித்தாள். "நாளைக்கு நான் பஸ்லயே போய்க்கறேங்க."

அத்தான் முகம் சுண்டிப்போயிற்று. "என்னம்மா இப்படிச் சொல்றே? நான் வேணும்னேவா இழுத்தடிக்கிறேன்? உன்னை ஏத்திக்கிட்டுப் போறேன். பாதி வழியில ஒட்டினது விட்டுப் போச்சுன்னு வை. நடுரோட்டுல உன்னை நிறுத்தி வெச்சேன்னா, நாளைக்கு என் மூஞ்சியில நானே எப்படி முழிக்கிறது? அதான் எதுக்கும் நாலு பேரைக் கேட்கறேன்."

இந்த ஆளோடு சண்டை போடுவது ரொம்பக் கஷ்டம். ஏதாவது ஓர் இடத்தில் அன்பு வந்து குறுக்கே விழுந்துவிடும்.

"காலையில வண்டி ரெடியா நிக்கும், பாரு," என்றார் அத்தான்.

வியாழக்கிழமை காலை. அக்காவின் வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டு, முன்னறை நாற்காலியின் முதுகில் விரித்து மாட்டியிருந்தேன். சலவைப் பிரிவில் எல்லோரும் போடுகிற கோட்டுதான். நேர்காணலுக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் வரவேண்டுமாம். அத்தான் குளித்து, தலை வாரி, சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, வாசல்வரை உருட்டினார். வாசலில் நின்றார். எதையோ நினைத்துக்கொண்டு திரும்ப உள்ளே உருட்டி வந்து நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, தம்பியை ஃபோனில் கூப்பிட்டார். தம்பி தூக்கத்தில் இருந்தார். மறுபடியும் சக்கரத்தை எடுத்து உருட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார். அதற்குள் அக்கா பிடிக்க நினைத்திருந்த பஸ் போய்விட்டது. ஆட்டோ எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு நிற்காமல் பறந்துகொண்டிருந்தன.

அக்கா கோட்டைப் போட்டுக்கொண்டு, அதில் தூசி படாமல் மேலே ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினாள். நான் ஜன்னலில் நின்றேன்.

எதிர்க்கடையில் ஒரு சிறிய கூட்டம். நடுவில் சக்கரம். பஞ்சர் கடைக்காரர் ஊசியோடு தயார். சர்வேயர் அளவு நாடாவோடு தயார். பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு நிற்கிறார். அத்தான் ஒரு கையால் ஊசியைத் தடுத்துக்கொண்டு, "எதுக்கும் இவர் என்ன சொல்றார்னு..." என்று பால்காரர் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு அக்கா வெடித்துவிடுவாள் என்று நினைத்தேன். தெருவே அப்படித்தான் நினைத்தது. பக்கத்து வீட்டம்மா நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள்.

அக்கா குரலை உயர்த்தவே இல்லை. கடைக்குள் போய், சாதாரணமாக, வெங்காயம் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்: "ஏங்க, ஒட்டி முடிச்சதும் எந்த வழியா போகப் போறோம்? பாலத்து வழியாவா, மார்க்கெட் வழியாவா?"

அத்தான் கையை எடுத்தார். முகம் அப்படியே பூத்துவிட்டது. புதுக் கேள்வி. இதுவரை யாரும் தொடாத, அன்று பறித்த பூ மாதிரி ஒரு கேள்வி.

"நல்லா கேட்டே. பாலத்து வழின்னா தூரம் கம்மி. ஆனா பாலத்து மேல காலையில லாரியா நிக்கும். மார்க்கெட் வழின்னா சுத்து. ஆனா நிழல். என்ன சார் சொல்றீங்க?"

"பாலம் கட்டும்போது அளந்ததே நான்தான்," என்று தொடங்கினார் சர்வேயர்.

"மார்க்கெட்ல இப்போ பாதி ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான்," என்றார் பால்காரர்.

"எந்தப் பாதியை?" என்றார் அத்தான் ஆவலோடு.

அக்கா பஞ்சர் கடைக்காரரைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள். மனிதர் அதற்காகத்தானே இத்தனை நாளாகக் காத்திருந்தார். ஊசி உள்ளே போயிற்று. ரப்பர் திரி உள்ளே போயிற்று. காற்று ஏறியது. ஓட்டை இருந்த இடத்தில் எச்சிலைத் தொட்டு வைத்துப் பார்த்தார். குமிழி இல்லை. சக்கரம் வண்டிக்குப் போயிற்று. பாலத்துக்கும் மார்க்கெட்டுக்கும் ஆதரவு சரிசமமாக வந்து நின்றபோது, வண்டியும் கடை வாசலில் வந்து நின்றது.

அத்தான் திரும்பிப் பார்த்தார். "ஒட்டியாச்சா?"

"ஒட்டியாச்சு."

"யார் ஒட்டச் சொன்னது?"

"நீங்கதான்," என்றாள் அக்கா.

"நானா?"

"பின்னே? ஒட்டாம எப்படிப் பாலத்து வழியாப் போறது?"

அத்தான் யோசித்துப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அது சரியாகத்தான் இருந்தது. முடிவெடுத்துவிட்ட மனிதரின் முகம் எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் எங்கள் தெரு பார்த்தது. கொஞ்சம் பயம், கொஞ்சம் பெருமை. வண்டியில் ஏறி உட்கார்ந்து, அக்காவை ஏற்றிக்கொண்டு, அவள் கை காட்டிய திசையில் பாலத்தைப் பார்த்துப் பறந்தார்.

வண்டி தெருமுனை திரும்பும்போது காற்றில் சால்வை விலகியது, அப்போதுதான் நான் பார்த்தேன். அக்காவின் வெள்ளைக் கோட்டின் முதுகில், தோளிலிருந்து இடுப்புவரை, பிறை மாதிரி வளைந்து, பட்டன் பட்டனாக, கரேல் என்று டயரின் அச்சு. சர்வேயர் கிழித்த சிவப்புச் சாக்பீஸ் கோடுகூட விழுந்திருந்தது. நாற்காலியில் சக்கரத்தைச் சாய்த்து வைத்தாரே, அப்போது பதிந்தது. கூப்பிட்டேன். நான் கூப்பிட்டது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பிறகு நடந்ததை அன்று சாயங்காலம் அக்கா முன்னறையில் நின்று நடித்தே காட்டினாள்.

பத்து மணிக்கு முன்னாலேயே போய்விட்டார்களாம். சால்வையைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு உள்ளே போனாளாம். அறையில் மூன்று பேர். நடுவில் நிர்வாக அதிகாரி, இந்தப் பக்கம் தலைமை நர்ஸ், அந்தப் பக்கம் கணக்கு அதிகாரி. கேட்டதற்கெல்லாம் அக்கா பதில் சொன்னாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டதும், பழக்கதோஷத்தில் எழுந்து போய்ச் சாத்தினாள். அவள் முதுகு அவர்கள் பக்கம் திரும்பியது.

"முதுகுல என்னம்மா அது?" என்றார் தலைமை நர்ஸ்.

அக்கா கோட்டைக் கழற்றிப் பார்த்தாள். சலவைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் வேலை கேட்டு, முதுகில் டயரோடு வந்து நிற்கிறாள். இந்த வேலை கேட்டு வேறு யாரும் இப்படி வந்திருக்க மாட்டார்கள்.

"இவ்வளவு பெரிய கறையோட வந்தவங்களை எப்படிங்க சலவைக்குப் போடறது?" என்றார் தலைமை நர்ஸ்.

"கறையே படாத துணிக்குச் சலவை எதுக்கு? மேல டயர் ஏறியும் நேரத்துக்கு வந்திருக்காங்களே," என்றார் கணக்கு அதிகாரி.

நிர்வாக அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மூடினார். திறந்தார். "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்," என்றார்.

அக்காவுக்குக் காது விடைத்தது.

"எதுக்கும் மத்தவங்களையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்துட்டு, எதுக்கும் மேலயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

அந்தக் குரலோடு வருஷக்கணக்காகக் குடும்பம் நடத்துகிறவள் அவள். அது எங்கே போய் முடியும் என்பது அவளுக்குத் தெரியும். எங்கேயும் போய் முடியாது. கோட்டை நாலாக மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள்.

"சரிங்க சார். அப்போ திங்கட்கிழமை நான் காலை ஷிஃப்டுக்கு வரணுமா, பகல் ஷிஃப்டுக்கு வரணுமா?"

நிர்வாக அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அது யோசிக்க வேண்டிய விஷயம்தான். காலையிலதான் வார்டுல இருந்து விரிப்பெல்லாம் இறங்கும். ஆனா பகல்ல வந்தா..."

"பகல்ல வந்தா மெஷின் ஓடறதைப் பார்க்கலாம்," என்றார் கணக்கு அதிகாரி.

"காலையில ஆளில்லாம இறக்கினா எண்ணிக்கை தப்பும்," என்றார் தலைமை நர்ஸ், கறையை மறந்து.

அக்கா பொறுமையாக நின்றாள். நின்று பழகியவள்தானே.

கடைசியில் நிர்வாக அதிகாரி அவளைப் பார்த்துச் சொன்னார்: "எதுக்கும் நீங்க காலையிலயே வந்துடுங்க."

வெளியே வந்தால், அத்தான் வண்டிப் பக்கத்தில் குந்தியிருந்தார். காவலாளியும் அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். இருவரும் பின் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்ன ஆச்சு?" என்று எழுந்து ஓடிவந்தார் அத்தான். வேலை கிடைத்துவிட்டது என்று அக்கா சொன்னாள். அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டதாம். "நிச்சயமா? எதுக்கும் உள்ள போய் ஒரு தடவை கேட்டுட்டு வரட்டா?" என்றாராம். அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்து வண்டியில் உட்காரவைத்தாள்.

இந்த இனத்தை எப்படிச் சமாளிப்பது என்று இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. செய்யலாமா என்று கேட்காதீர்கள். செய்து முடித்ததற்கு அடுத்த கேள்வியைக் கேளுங்கள். சுவருக்கு எந்த நிறம் என்று கேட்டால் சுவர் மண்ணாகிற வரை யோசிப்பார்கள். வர்ணம் காய்ந்ததும் படத்தை எந்த ஆணியில் மாட்டுவது என்று கேளுங்கள், அதற்குள் வர்ணம் அடித்துவிடலாம். எங்கள் தெருவில் இப்போது எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். பஞ்சர் கடைக்காரர் அத்தானைப் பார்த்தால், "காத்து அடிச்சதும் எங்க சார் நிறுத்தறீங்க, நிழல்லயா வெயில்லயா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கும் அதுதான் வேண்டும். உங்கள் மைத்துனர் முகம், மேலதிகாரி முகம், பக்கத்து வீட்டுக்காரர் முகம் எல்லாம் இந்நேரம் வந்து போயிருக்கும். உங்கள் முகம் வந்திருக்காது. வராது. ஆனால் இதைப் படித்து முடித்ததும், பக்கத்தில் இருக்கிறவரிடம் நீட்டி, "இதைக் கொஞ்சம் படிச்சுப் பாரேன், எனக்கு நல்லா இருக்கிற மாதிரிதான் இருக்கு, நீ என்ன சொல்றே?" என்று கேட்கலாம்போல உங்களுக்கு இப்போது கை துறுதுறுக்கிறதா?

துறுதுறுத்தால் நான் சொல்ல ஒன்றுமில்லை.

அக்கா இப்போது உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறாள், குதிகால் வலி பாதி குறைந்திருக்கிறது. ஒட்டிய டயர் நன்றாக ஓடுகிறது. எதுக்கும் இருக்கட்டும் என்று அத்தான் வாங்கி வந்த புது டயர், சுற்றிய காகிதம் பிரிக்காமல் என் மெஷினுக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது. எப்போது மாட்டுவது என்று இன்னும் முடிவாகவில்லை.